வேலி வெட்டும் கத்தியும் புலுனிக் குஞ்சின் பசியும்

யாழ்ப்பாணத்தில் காடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலானவர்களின் கை ஆனையிறவுக்கு அப்பால், வன்னிப் பக்கம்தான் நீளும். அதில் பிழை சொல்ல முடியாது. குடாநாட்டில் தோட்டம், வயல், வளவு, கோயில் வீதி என்று எல்லாமே யாரோ ஒருவரின் உறுதியில் ஏறிய நிலம். 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம்கூட ஓரத்தில், கடல்நீரேரியை அண்டிக் கிடக்கிறது. அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை நீர்ப்பறவைகள். ஆனாலும் ஊர்ப்புறத்தில் விடியக் காலை கேட்கிற புலுனிக் (தவிட்டுக்குருவிக்) கூட்டத்தின் கலகலப்பும் செண்பகத்தின் ஆழ்ந்த குரலும் குக்குறுவானின் ஓயாத தட்டலும் வன்னிக் காட்டிலிருந்து வருவதில்லை. அவை கதியால் (நட்டால் துளிர்க்கும் கம்பு) வேலியிலும் பனங்கூடலிலும் பற்றையிலும் கோயிலடி மருதிலும் குடியிருக்கின்றன. குடாநாட்டின் காடு அதுதான். துண்டு துண்டாக, ஆயிரக்கணக்கான சொந்தக்காரர்களோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் காட்டைப் பராமரிக்கத் திணைக்களம் எதுவும் கிடையாது. ஆட்டுக்குக் குழை வெட்டுகிறவர், ஓலைக்குப் பனை ஏறுகிறவர், காலையில் முற்றம் கூட்டிச் சருகை எரிக்கிறவர், காணி துப்புரவாக்கப் பெக்கோ (மண் வழிக்கும் இயந்திரம்) பிடிக்கிறவர் ஆகியோர்தான் இதன் நிர்வாகிகள். பறவை குறைந்துவிட்டது என்ற பேச்சு வந்தவுடன் நாம் மரத்தை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். எத்தனை தறித்தார்கள், எத்தனை நட்டோம் என்று கணக்குப் பார்க்கிறோம். இருக்கிற மரத்தை யார், எந்த மாதத்தில், எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வெட்டுகிற விதம் இலையை மாற்றும். இலை மாறினால் அதைத் தின்கிற புழு மாறும். புழு மாறினால் கூட்டிலிருக்கிற குஞ்சின் கதி மாறும்.

தானியம் தின்னும் குருவியும் குஞ்சுக்குப் புழுதான் கொடுக்கும்

தூக்கணாங்குருவியை எடுத்துக்கொள்வோம். வயல் நெல்லைத் தின்கிறது என்று அதன்மேல் பழி. வளர்ந்த குருவி தானியந்தான் தின்னும். ஆனால் பனை ஓலையில் தொங்கும் கூட்டுக்குள் இருக்கிற குஞ்சுக்கு அது கொண்டுபோவது பெரும்பாலும் பூச்சியும் புழுவும். ஊர்க்குருவியும் அப்படித்தான். பூவில் தேன் குடிக்கிற தேன்சிட்டுகூடக் குஞ்சு பொரித்தவுடன் சிலந்தி தேடி அலையும். முட்டையை விட்டு வெளியே வந்த குஞ்சு இரண்டு மூன்று கிழமைக்குள் இறகு முளைத்துப் பறக்க வேண்டும். அந்த வேகத்துக்குப் புரதமும் கொழுப்பும் வேண்டும். விதையில் அது போதாது. இருந்தாலும் குஞ்சின் வயிறு அதைச் செரிக்காது.

இது நம் ஊருக்கு மட்டுமான கதையில்லை. வட அமெரிக்காவின் நிலப் பறவைகளில் நூற்றுக்கு 96 இனங்கள் குஞ்சுகளுக்குப் பூச்சியினத்தைத்தான் ஊட்டுகின்றன. அங்கே சிக்கடீ என்று ஒரு சின்னக் குருவி இருக்கிறது, எடை பத்துக் கிராம் அளவில். ஒரு சோடி ஓர் ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்க விட 6,000 முதல் 9,000 வரை புழுக்கள் தேவைப்படுகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உலகம் முழுவதும் பறவைகள் ஓராண்டில் தின்கிற பூச்சியினங்களின் எடை 400 முதல் 500 மில்லியன் தொன் வரை இருக்கும் என்று 2018இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பெரும்பங்கு காட்டுப் பறவைகளின் வயிற்றுக்குப் போகிறது.

புழு எல்லா இலையிலும் எல்லா நாளிலும் இருக்காது. தளிர் மென்மையானது, புரதம் கூடியது. முற்றிய இலை தடித்து, துவர்ப்பேறிப் போய்விடும். இங்கிலாந்தில் ஓக் மர இலைகளை ஆராய்ந்த போல் ஃபீனி 1970இல் காட்டியது இதைத்தான். இலை முற்ற முற்ற அதில் துவர்ப்புப் பொருள் ஏறுகிறது, புழுவின் வளர்ச்சி தடைப்படுகிறது; ஆகவே அங்கே புழுக்கள் இளவேனிலின் சில கிழமைகளுக்குள் தின்று முடித்துவிடப் பார்க்கின்றன. ஒக்ஸ்ஃபோர்ட்டுக்கு அருகே வைத்தம் காட்டில் 1947 முதல் ஒரே இனக் குருவிகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அங்கே புழு மலிகிற நாட்களோடு குஞ்சு பொரிக்கிற நாட்கள் பொருந்தினால் அந்த ஈட்டுக்கு நல்ல காலம். பிந்தினால் பட்டினி.

நமக்கு இளவேனில் கிடையாது. இளவேனில் செய்கிற வேலையை இங்கே மழை செய்கிறது. குடாநாட்டுக்கு ஆண்டுக்கு 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை மழை. அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். முதல் மழை பெய்து மண் குளிர்ந்த மாலையில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும்போது பார்த்தால் இந்தக் கணக்கு விளங்கும். கதியால் நுனியில் இருக்கிற கரிக்குருவி எழுந்து, ஒன்றைக் கவ்வி, அதே நுனிக்குத் திரும்பி, சிறகைத் துப்பிவிட்டு மறுபடி எழும். மின்கம்பியில் பஞ்சுருட்டான் வரிசை. கீழே மைனாவும் காகமும், ஏன், கோழியும்கூட. அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த ஈசல் ஒரு நாள் விருந்து. பிறகு வருகிற தளிர்தான் மாதக்கணக்கான சாப்பாடு. முருங்கையில் மயிர்க்கொட்டி ஏறுவதும் இந்தக் காலந்தான். பகலில் அடிமரத்தில் கம்பளி விரித்ததுபோல அப்பிக்கொண்டிருக்கும். மனிதர் பந்தம் கொளுத்துவார்கள். மற்றப் பறவைகள் மயிருக்குப் பயந்து விலகும். குயில் குடும்பத்துக்கு அந்தப் பயம் இல்லை; கொண்டைக்குயிலுக்கு மயிர்க்கொட்டிதான் விருப்பமான சாப்பாடு. அது தன் முட்டையைப் புலுனியின் கூட்டில் இடுகிற பறவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முருங்கையும் வேண்டும், மயிர்க்கொட்டியும் வேண்டும், புலுனி கூடு வைக்க அடர்ந்த வேலியும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் கொண்டைக்குயிலுக்கு இங்கே வேலை இல்லை.

இதே மாதங்களில் வெளியூர் விருந்தாளிகளும் வந்து சேர்வார்கள். தகைவிலான், பழுப்புக் கீச்சான், ஆறுமணிக்குருவி எல்லாம் வடக்கேயிருந்து இந்தியாவைக் கடந்து, பாக்கு நீரிணையைத் தாண்டி வருகின்றன. கோடியக்கரையைத் தாண்டிய பறவைக்கு முதலில் தட்டுப்படுகிற மண் நம்முடையது. களைத்து இறங்குகிற பறவைக்கு முதல் சாப்பாடு கிடைப்பது யாருடைய வேலியிலோ, யாருடைய வாழைத் தோட்டத்துச் சருகிலோதான்.

வேலி என்கிற காடு

பழைய யாழ்ப்பாணத்து வேலியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, கிளிசிறிடியா என்று கதியால்கள் நெருக்கமாக நிற்கும். நடுவில் ஓலை அல்லது கிடுகு. இடையிடையே ஆடாதோடையும் நொச்சியும் தானாக முளைத்த கொடிகளும். அடியில் சருகு. ஒன்றரை முழ அகலத்துக்குள் மூன்று தட்டு இருக்கிறது. மேலே தளிரும் காவல் பார்க்கும் கொப்புகளும், நடுவில் கூடு ஒளிக்கும் இருட்டு, கீழே ஈரச் சருகும் கறையானும்.

பூவரசில் சில இலைகள் சுருட்டுப்போலச் சுருண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். உள்ளே நூலால் வாயை அடைத்துக்கொண்டு ஒரு பச்சைப் புழு கிடக்கும். பருத்தி, வெண்டிக் குடும்பத்து இலைகளைச் சுருட்டுகிற புழு அது. பூவரசும் அந்தக் குடும்பந்தான். தையல்சிட்டு அந்தச் சுருளின் ஒரு முனையில் அலகை விட்டுக் குத்தும், புழு மறுமுனையால் நழுவும், சிட்டு தாவி அந்தப் பக்கம் போய்ப் பிடிக்கும். அதே பூவரசில் இரண்டு இலையைத் தைத்துத் தன் கூட்டையும் அது வைத்திருக்கலாம். ஒரே மரம் வீடாகவும் கடையாகவும் இருக்கிறது. கீழே புலுனிகள் ஏழெட்டாகச் சேர்ந்து சருகைப் புரட்டிப் பூரானையும் கறையானையும் பொறுக்கும். செண்பகம் வேலி அடியில் நடந்து நத்தை தேடும். மழைக்குப் பின் தோட்டத்தை நாசமாக்குகிற ஆபிரிக்க நத்தையை மனிதர் உப்புப் போட்டுக் கொன்று களைத்துப்போகிறார்கள். அதைக் கேட்காமலே வந்து தின்கிற பறவை இது ஒன்றுதான் என்று சொன்னால் பெரிய மிகையில்லை.

இந்த வேலி வெட்டாமல் விட்ட வேலி இல்லை. அதுதான் இதில் சுவையான விசயம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வெட்டினார்கள். புகையிலைத் தோட்டத்துக்குக் குழையாக வெட்டிப் புதைத்தார்கள். வெட்ட வெட்டக் கதியால் மறுபடி துளிர்த்தது. மழையோடு துளிர்த்த அந்தத் தளிர், வெட்டாத மரத்தில் கிடைப்பதைவிட மென்மையானது, தாழ்வாகவும் கிடைப்பது. புழுவுக்கு அது பொற்காலம்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். அடியோடு வெட்டி மறுபடி துளிர்க்க விடுகிற முறை அங்கே நூற்றாண்டுகளாக இருந்தது. சஃபோக் பகுதியில் பிராட்ஃபீல்ட் காட்டை 1252 முதல் இப்படி வெட்டி வருகிறார்கள் என்று சொல்வதுண்டு. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியை வெட்டுவார்கள். புதிதாக வெட்டிய திறந்த பகுதியில் வண்ணத்துப்பூச்சி. ஆறேழு ஆண்டு வளர்ந்து புதராக அடர்ந்த பகுதியில் நைட்டிங்கேல் என்ற பாடும் பறவை. விறகுக்கும் கம்புக்கும் சந்தை இல்லாமற்போய் வெட்டுவது நின்றபோது காடு உயர்ந்து, நிழல் விழுந்து, அடிப்புதர் செத்தது. மான்களும் பெருகி மிச்சத்தைத் தின்றன. 1960களின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் அந்த நாட்டில் நைட்டிங்கேல் நூற்றுக்குத் தொண்ணூறு அளவு குறைந்துவிட்டது. கத்தி பட்டதால் அழிந்த காடுகளின் கதை நமக்குத் தெரியும். கத்தி நின்றதால் பறவை போன காட்டின் கதையும் இருக்கிறது.

அங்கே காரியத்தைச் செய்தது பகுதி பகுதியாக வெட்டுவது. முழு வேலியையும் ஒரே நாளில் மொட்டையடித்தால் தையல்சிட்டுக்குப் போக்கிடம் இல்லை. பாதியை இந்த ஆண்டும் மீதியை அடுத்த ஆண்டும் வெட்டினால் எப்போதும் ஒரு பக்கம் அடர்த்தி, ஒரு பக்கம் தளிர். எல்லை வேலியில் பக்கத்து வீட்டாரோடு ஒத்துப்போகாமல், அவர் பங்கை அவர் ஒரு காலத்திலும் இவர் பங்கை இவர் வேறொரு காலத்திலும் அடைத்த நம் ஊர் வேலிச் சண்டை, தெரியாமலே இந்த வேலையைச் செய்திருக்கிறது. சண்டைக்கு இப்படியொரு பயன் இருக்கும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மாதமும் முக்கியம். மழைக்குச் சற்று முன் வெட்டினால் தளிர் மழையோடு வரும், வலசைப் பறவைகளும் அதே நேரம் வரும். மழை ஓய்ந்த பிறகு தை, மாசி, பங்குனியில் வேலி நிறையக் கூடு இருக்கும். அப்போது ஒட்ட வெட்டினால் கூடும் வெளியே தெரியும், குஞ்சின் சாப்பாடும் கொப்போடு போய்விடும். காகத்துக்கும் பூனைக்கும்தான் கொண்டாட்டம். அப்போது வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒழுங்கைப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் வெட்டலாம்.

முள்முருக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கன்னிக்கால் ஊன்ற அதைத் தேடி அலைகிற நாம் வேலியிலிருந்து அதைக் கழித்துக்கொண்டே வருகிறோம். இலை உதிர்த்து வரண்டு நிற்கிற காலத்தில் சிவப்பாகப் பூக்கிற மரம் அது. அந்தப் பூவுக்கு மைனா, கரிக்குருவி, தேன்சிட்டு எல்லாம் வரும். தேனுக்கு வருகிற பூச்சியை அங்கேயே பிடிக்கும். தளிர் முற்றிப்போன மாதங்களில் இப்படிப் பூக்கிற மரங்கள்தான் இடைவெளியை நிரப்புகின்றன. வேம்பும் அப்படித்தான். வேப்பிலையைத் தின்கிற புழு குறைவு. ஆனால் சித்திரையை ஒட்டி அது பூத்தால் மரமே இரையும்.

கிளிசிறிடியா வேறு வகை. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். வேகமாக வளரும், குழைக்கு அருமையானது, பூ தேனீக்கு நல்லது. ஆனால் ஒரு மண்ணின் பூச்சிகள் அந்த மண்ணின் செடிகளோடு சேர்ந்து நீண்ட காலம் பழகினவை. வந்த மரத்தின் இலையைத் தின்னப் பல பூச்சிகளுக்குத் தெரியாது. பிரித்தானியாவில் 1961இல் சவுத்வூட் என்ற பூச்சியியலாளர் மரங்களையும் அவற்றை நம்பி வாழும் பூச்சியினங்களையும் கணக்கெடுத்தார். உள்நாட்டு ஓக்கில் 284 இனங்கள். வெளியிலிருந்து வந்த ஹோர்ஸ் செஸ்ட்நட்டில் 4. அமெரிக்கத் தலைநகர் வோஷிங்டனைச் சுற்றிய வீட்டுத் தோட்டங்களில் செய்து 2018இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. வளவில் உள்ள செடிகளில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் உள்நாட்டுச் செடிகள் இருந்தால்தான் சிக்கடீயால் தன் தொகையைத் தக்கவைக்க முடிந்தது. அந்த எழுபதை அப்படியே எடுத்து யாழ்ப்பாணத்துக்குப் பொருத்த முடியாது, பறவையும் வேறு செடியும் வேறு. ஆனால் வெண்டிப் புழு சுருட்டுகிற பூவரசையும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிற எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் எடுத்துவிட்டு, புல் விரிப்பும் குரோட்டனும் வைத்த முற்றத்தில் குஞ்சுக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்தால் போதும்.

இதெல்லாம் வேலி இருக்கிற வரைக்கும் பேசுகிற பேச்சு. இப்போது மதில். கையில் காசு வந்தால் முதலில் எழும்புவது மதில்தான். காணி விலையும் களவுப் பயமும் ஓலை கட்ட ஆள் கிடைக்காததும் சேர்ந்து செய்கிற வேலை அது. மதில் கட்டுகிறவரை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு வேலி அடைக்கிற செலவைச் செய்து பார்த்தவருக்கு அதன் நியாயம் தெரியும். ஆனால் மதிலுக்கு உள்ளே இரண்டு முழம் விட்டு நாலு பூவரசும் ஒரு முள்முருக்கும் நட்டுவிட்டால் மதிலுக்கும் கேடில்லை, சிட்டுக்கும் கேடில்லை. ஒட்டி நட்டால் வேர் அத்திவாரத்தைத் தூக்கும் என்பது உண்மை. அதனால்தான் இரண்டு முழம்.

பனையின் செத்த பாகங்கள்

பனையைப் பற்றி நாம் எழுதாத புகழ் இல்லை. பறவையின் பக்கம் நின்று பார்த்தால், பனையில் அதிகம் பயன்படுவது காய்ந்ததும் செத்ததுமான பாகங்கள்.

பனை உழவாரன் என்றொரு சிறு பறவை பகல் முழுவதும் வானத்தில் பறந்தபடியே கொசுகு, ஈ, பறக்கிற எறும்பு எல்லாம் பிடித்துத் தின்னும். தண்ணீர்கூடப் பறந்துகொண்டே குடிக்கும். அதற்கு நிலத்தோடு உள்ள ஒரே தொடர்பு பனை ஓலைதான். தொங்குகிற ஓலையின் அடிப்பக்கத்தில் இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் ஒட்டிக் கிண்ணம்போல ஒரு சின்னக் கூடு வைக்கும். காற்றில் ஓலை புரண்டாலும் விழாதபடி முட்டைகளையும் எச்சிலாலேயே கூட்டோடு ஒட்டி வைத்துவிடும். குஞ்சுக்கு ஊட்ட வாயில் பூச்சிகளை உருண்டையாகத் திரட்டிக்கொண்டு வரும். ஓலை வெட்டுகிறவர் குருத்தோலையைச் சுற்றி நாலைந்து விட்டு மிச்சமெல்லாம் இறக்கினால் உழவாரனுக்கு அந்த மரம் போய்விடும். ஆனால் இன்றைய நிலைமை விசித்திரமானது. ஓலை வேலி குறைந்து, ஏறுகிறவரும் குறைந்து, பல கூடல்களில் காவோலை (காய்ந்த ஓலை) வெட்டப்படாமல் தாடிபோலத் தொங்குகிறது. வேலி மதிலானது தையல்சிட்டுக்கு நட்டம், உழவாரனுக்கு ஒரு வகையில் இலாபம். ஆக, ஒரே மாற்றம் எல்லாப் பறவைக்கும் ஒரே மாதிரி விளைவதில்லை.

அந்த இலாபத்திலும் ஓர் ஓட்டை. வெட்டாத காவோலை சோளகக் காற்றடிக்கும் வரட்சியில் நெருப்புக்குத் தீனி. குப்பைக்கு வைத்த நெருப்போ விளையாட்டுக்கு வைத்த நெருப்போ கூடலுக்குள் ஏறினால் பெரிய பனை கருகியும் தப்பும். கீழே வடலியும் (இளம்பனையும்) புல்லும் பற்றையும் மிஞ்சாது. கௌதாரி குடியிருப்பது அங்கேதான். இலங்கையில் வடக்குக் கரையோரத்தையும் மன்னாரையும் அண்டியே வாழ்கிற பறவை அது. தத்துவெட்டியானும் கறையானும் விதையும் பொறுக்கித் தின்னும். பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வடலிக்கு அடியில் இருக்கிற புல்லை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிறகு மொட்டைப்பனை. போர்க்காலத்தில் ஷெல் பட்டுத் தலை போன பனைகளை வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் எத்தனை கண்டோம். பதுங்குகுழிக்குத் தறித்தவை போக நின்ற மிச்சம் அவை. செத்த பனையின் உள்சோறு உக்கும், வெளிவைரம் நிற்கும். அதில் முதலில் துளை போடுவது மரங்கொத்தி. வடக்கில் இருப்பது பொன்முதுகு மரங்கொத்தி; தெற்கே போனால் முதுகு சிவப்பு, இடைப்பட்ட பகுதிகளில் இரண்டும் கலந்து நிறம் மாறும். நம் பக்கத்து வகைக்கு அறிவியலாளர் வைத்த பெயரிலேயே ஊர் இருக்கிறது: டைனோபியம் பெங்காலென்சே யாஃப்னென்சே. முசுறு, கட்டெறும்பு, அவற்றின் முட்டை, பட்டைக்குள் இருக்கிற புழு எல்லாம் அதன் சாப்பாடு. அது போட்டுவிட்டுப் போன துளைக்கு மைனாவும் கிளியும் போட்டி போடும். உச்சி உக்கிக் குழிந்தால் பனங்காடை வந்து குடியேறும். தத்துவெட்டியானையும் வண்டையும் பார்த்திருந்து பாய்ந்து பிடிப்பது அதன் பிழைப்பு. எலி பிடிக்கிற கூகைக்கும் பெரிய பொந்து வேண்டும். செத்த மரத்தை அகற்றுவதைத் துப்புரவு என்று நினைக்கிறோம். இவ்வளவு பேருக்கு அது வீடு.

பற்றையும் புகையும்

வலிகாமம் வடக்கில் 1990 முதல் ஆள் புழங்காமல் பூட்டிக்கிடந்த காணிகளில் பற்றை வளர்ந்தது. வீட்டுச் சுவரைப் பிளந்து ஆல் முளைத்தது. காணி விட்டபோது திரும்பிய சனம் முதலில் செய்தது பெக்கோ விட்டு வழித்ததுதான். தன் வீட்டு அத்திவாரத்தைத் தேடுகிறவரிடம் பற்றையைக் காப்பாற்று என்று சொல்ல எவருக்கும் வாய் வராது, வரவும் கூடாது. புடையன் பயமும் வெடிபொருள் பயமும் வேறு. சொல்லக்கூடியது ஒன்றுதான். பெக்கோவுக்கு ஒரு மணித்தியாலக் கூலி கூடக் கொடுத்து எல்லை வரை வழிப்பதற்குப் பதிலாக, பின் எல்லையில் காரை, சூரை, இலந்தை, நொச்சி நிற்கிற ஒரு பட்டியை விட்டுவிடலாம். புலுனியும் செண்பகமும் இருபது பரப்புக் காடு கேட்பதில்லை. தொடர்ச்சியாக ஒரு மறைவு கிடைத்தால் பட்டி பட்டியாகவே ஊர் முழுக்கப் போய்வரும்.

மழைக்காலம் வந்தால் டெங்கு. உடனே பற்றை வெட்டு, குப்பை எரி, புகை அடி என்று உத்தரவுகள் பறக்கும். டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கிய சுத்தமான தண்ணீரில்: சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு, பீலி, மூடாத தொட்டி. பற்றைக்குள் எறிந்த யோகட் கோப்பையைப் பொறுக்கினால் பயன் உண்டு. பற்றையையே வழித்துவிட்டுக் கோப்பையை அங்கேயே விட்டால் பயனில்லை. புகையோ நுளம்பை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லாது. தும்பியும் வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் அதே புகைக்குள்தான் பறக்கின்றன. நோய் பரவுகிற இடத்தில் அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அடிக்கலாம். சடங்குபோல ஊரெங்கும் அடிப்பதுதான் உறுத்துகிறது. காலையில் முற்றம் கூட்டுவதும் அப்படித்தான். வாசல் வரை கூட்டுவது வழக்கம், அது இருக்கட்டும். மாமரத்துக்கு அடியில் விழுந்த சருகையும் கூட்டி எரிக்கிறோமே, அதற்குள்தான் ஆறுமணிக்குருவிக்கும் புலுனிக்கும் உணவு.

கார்த்திகையில் மரநடுகை நடக்கும். நல்ல விசயம், மழையும் துணை நிற்கும். ஆனால் நடுகிற கன்றுகளைப் பார்த்தால் நிழலுக்கும் பூவுக்கும் பலகைக்குமாகத் தெரிந்தெடுத்தவைதான் அதிகம். மணற்காட்டுச் சவுக்குத் தோப்பு ஒரு பாடம். பறக்கிற மணலைப் பிடித்து நிறுத்த நட்டது. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது, காற்றும் இதமாக இருக்கிறது. அடியில் ஊசிச் சருகு மெத்தைபோலப் படிந்து வேறு செடி முளைக்க விடுவதில்லை. ஒரு மணித்தியாலம் நடந்தாலும் கேட்கிற பறவைச் சத்தம் குறைவுதான். சவுக்கை வெட்டு என்று யாரும் சொல்லவில்லை. மணல் நிலைத்த ஓரங்களில் இடைவெளி விட்டு, தாழை, விளா, நாவல், ஈச்சு என்று அந்தக் கரையோரத்துச் செடிகள் எழும்ப வழி செய்யலாம்.

சரி, இவ்வளவு பூச்சி வளர்த்தால் தோட்டம் என்னாவது என்று கேட்கிற கமக்காரருக்கு என்ன பதில்? வேலிப் புழுவில் பெரும்பாலானவை வெங்காயத்துக்கோ கத்தரிக்கோ வராது. அவரவர்க்கு அவரவர் இலை. வருகிற சிலவற்றைத் தின்ன வேலியில் வளர்ந்த பறவைகளும் கூடவே வரும். நெதர்லாந்தில் ஆப்பிள் தோட்டங்களில் கூட்டுப் பெட்டி வைத்துச் சிறு குருவிகளை வரவழைத்துச் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. புழுச் சேதம் குறைந்தது, மரத்துக்கு 4.7 கிலோ காய்த்த இடத்தில் 7.8 கிலோ கிடைத்தது. கரிக்குருவி இருந்து பார்க்க வயலில் கம்பு நடுவது நம் ஆட்களுக்குத் தெரிந்த முறைதான். ஆனால் மருந்தடித்த தோட்டத்தில் கம்பு நட்டுப் பலனில்லை, பிடிக்க எதுவும் இருக்காது. பறவை எல்லாப் பூச்சியையும் தின்றுவிடும் என்று சொல்வதும் பொய். தென்னையில் பரவிய வெள்ளை ஈயைப் பறவையால் அடக்க முடியாது. மயிலும் கிளியும் தோட்டத்தில் செய்கிற வேலையையும் மறைக்க முடியாது.

இன்னுமொரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். உக்குகிற தென்னை, பனைக் கட்டைகளில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வளர்ந்த வண்டு தென்னங் குருத்தைத் துளைக்கும். பனங்காடைக்கு வீடு என்று நான் மேலே புகழ்ந்த மொட்டைப்பனை, தென்னங்கன்று வைத்தவருக்கு வண்டுப் பண்ணை. இரண்டும் உண்மை. ஆகவே இடம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தென்னங்கன்று நிற்கிற வளவென்றால் உக்குகிற கட்டையைத் தறித்து, பிளந்து, வெயிலில் காயப் போடுவதுதான் சரி. எருக்கும்பியையும் அடிக்கடி கிளறிப் புழுவைப் பொறுக்க வேண்டும். கிளறும்போது காகமும் மைனாவும் பக்கத்தில் வந்து நிற்கும், அவற்றுக்கு எறிந்துவிடலாம். தென்னை இல்லாத பனங்கூடலின் நடுவே, வீட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் எட்டாத இடத்தில் நிற்கிற மொட்டைப்பனையைத் தறிக்கக் கூலி கொடுக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.